மெத்தைக்காரரின் மசோதா

அத்தியாயம் பதினெட்டு

தனிநபர் மசோதாவுக்கான குலுக்கலில் எட்டு வருடமாக வராத மெத்தைக்காரர் பெயர் போன வாரம் வந்ததையும், செய்தி கேட்ட அவர் எம்.பி. குடியிருப்பு வராந்தாவில் நின்றபடியே மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுததையும் பார்த்தோம். கட்சி உறுப்பினர்களையெல்லாம் கட்டி மேய்க்கிற கொறடா அவர் தோளில் கை போட்டு, "இப்ப என்னண்ணே அவசரம்? அடுத்த தடவை பார்த்துக்கலாமே" என்று பல் தெரியச் சிரித்ததையும் பார்த்தோம்.

அடுத்த தடவை என்று ஒன்று அவருக்குக் கிடையாது. வருகிற தேர்தலில் இடமில்லை என்று கட்சி சொல்லியாகிவிட்டது. கூட்டத்தொடருக்கு இந்த வெள்ளிக்கிழமை கடைசி நாள். பிற்பகல் மூன்றரை மணிக்கு அவருடைய மசோதா.

காலை ஆறு மணிக்கே குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, பீரோக் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

'வேலை நடக்கும் நேரத்தில் எந்தத் தொழிற்கூடத்திலும் எந்த வாசலும் பூட்டப்பட்டிருக்கக் கூடாது. பூட்டப்பட்டிருந்தால் அதற்கு முதலாளியே பொறுப்பு.'

மசோதா என்றால் இந்த இரண்டு வரிதான். மீதிப் பதினொரு பக்கமும் சட்டத்துறை ஆட்கள் போட்ட ஒட்டும் தையலும்.

"அப்பா, 'பொறுப்பு'ன்னு சொல்லும்போது குரல் கம்முது" என்றாள் மகள். நான்கு வருடம் கோர்ட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவள், கறுப்புக் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு அப்பாவின் காகிதங்களைப் பார்க்க வந்து எட்டு வருடம் ஆகிறது.

"தொண்டை சரியில்லை."

"நேத்தும் அதே இடத்துலதான் கம்முச்சு."

"வெந்நீர் வைம்மா" என்றார். அதோடு பேச்சை முடித்துக்கொண்டார்.

அவரைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. வாடகைக் கடையில் பஞ்சு அடைத்து மெத்தை தைத்துக்கொண்டிருந்தவர். முப்பத்தைந்து வயதில் சொந்த ஆலை. ஐம்பது வயதில் நானூறு பேருக்கு வேலை. பதினொரு வருடத்துக்கு முன் தையல் கூடத்தில் ஒருநாள் தீப்பிடித்தது. ஸ்பாஞ்சுப் புகை நாலு நிமிடத்தில் கூடத்தை அடைத்துவிட்டது. ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு இரண்டு தடவை உள்ளே ஓடிப் பதினாறு பெண்களை இழுத்து வந்தார். மூன்றாவது தடவை அவரைப் பிடித்துக்கொண்டார்கள். ஒன்பது பேர் வரவில்லை. ஒன்பது பேரும் பின்வாசல் அருகே கிடந்தார்கள்.

சூட்டில் இரும்புக் கதவு சிக்கிக்கொண்டது என்று விசாரணையில் எழுதினார்கள். முதுகெல்லாம் வெந்து அவர் தரையில் குந்தியிருந்த படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. அடுத்த வருடமே கட்சி வீடு தேடி வந்தது. இப்படியொரு வாக்கு வித்தியாசத்தைத் தொகுதி அதற்கு முன் பார்த்ததில்லை.

ஒன்பது மணிக்கு வாசல் மணி அடித்தது. கட்டிங் மாஸ்டர்.

இருபத்தெட்டு மணி நேரம் ரயிலில் உட்கார்ந்து வந்திருந்தார். ஆலையில் துணி வெட்டுகிற மேசைக்கு அவர்தான் தலைவர். பஞ்சுக் கடைக் காலத்திலிருந்து கூட இருப்பவர். அந்த ஒன்பது பேரில் ஒருத்தி அவர் மனைவி. மெத்தை உறைக்கு ஜிப் தைப்பவள்.

"வாங்க மாஸ்டர், வாங்க. இன்னிக்கு நீங்க மேல மாடத்துல உட்கார்ந்து பார்க்கணும்னுதான் பாஸ் வாங்கச் சொன்னேன்."

மாஸ்டர் சோபாவில் உட்காரவில்லை. சுவரோரமாக இருந்த மர நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். மகள் கொடுத்த காபி கையிலேயே ஆறியது.

"முதலாளி, நல்ல நாள் அதுவுமா இதைச் சொல்லலாமா வேணாமான்னு வழியெல்லாம் யோசிச்சுக்கிட்டே வந்தேன்."

"என்கிட்ட சொல்றதுக்கு என்ன யோசனை?"

"பின்வாசலைப் பூட்டி வெச்சிருக்காங்க."

"எங்க?"

"நம்ம தையல் கூடத்துலதான். ஒரு மாசமாச்சு."

மெத்தைக்காரர் தன் டம்ளரை எடுத்தார். குடிக்காமல் வைத்தார்.

"சின்ன முதலாளிகிட்ட ரெண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். துணி திருட்டுப் போகுதுங்கிறார். போகுது, இல்லைங்கலை. அதுக்காக? அன்னிக்குப் பூட்டுகூட இல்லை முதலாளி. வெறும் கதவு சிக்கினதுக்கே ஒன்பது பேரை வாரிக் கொடுத்தோம். இன்னிக்குப் பூட்டே தொங்குது. உள்ள நூத்தி நாப்பது பொம்பளைங்க."

சொல்லும்போது மாஸ்டர் கோபப்படவில்லை. வெட்டு மேசையில் அளவு சொல்கிற மாதிரி சொன்னார். அதைத்தான் கேட்டுத் தாங்க முடியவில்லை.

"பார்த்துக்கறேன் மாஸ்டர்" என்று எழுந்தார் மெத்தைக்காரர். உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தாமலே மகனைக் கூப்பிட்டார்.

"என்னப்பா, இன்னிக்கு உங்க பெரிய நாளாச்சே!" என்றான் மகன்.

"பின்வாசலைத் திற."

"மாஸ்டர் வந்து சேர்ந்துட்டாரா?"

"திறடா."

"ரோல் ரோலா துணி வெளிய போகுதுப்பா. இப்ப கேமரா இருக்கு, மேல தண்ணி தெளிக்கிற குழாய் இருக்கு. சாவி சூப்பர்வைசர் இடுப்புலேயே தொங்குது. அந்தக் காலம் இல்லை இது."

"நான் சொல்றேன், திற."

"நீங்க யாரா சொல்றீங்க? எம்.பி.யாவா, அப்பாவாவா? முதலாளியான்னா அது நான்தான். நீங்களே எழுதிக் கொடுத்தீங்க."

அதுவும் உண்மை. முதல் தடவை ஜெயித்ததும், சட்டம் போடுகிறவனுக்கு வியாபாரம் எதற்கு என்று ஆலையை மகன் பெயருக்கு எழுதி வைத்தார். பத்திரிகைகள் பாராட்டின. இன்று நாட்டிலுள்ள அத்தனை கதவுகளுக்கும் சட்டம் கொண்டுவரப் போகிறவர், தான் செங்கல் எடுத்துக் கொடுத்துக் கட்டிய கூடத்தின் ஒரு கதவைத் திறக்கச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டு நின்றார். மகன் போனை வைத்துவிட்டான்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மகள் தன் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள்.

"அம்மா, நீ கொஞ்சம் ஃபேக்டரிக்குப் போயிட்டு வரணும்."

"நானா?" என்றாள் அம்மா. "நான் அங்க போய் பதினொரு வருஷமாச்சுடி."

"தெரியும்மா. அதான் உன்னைக் கேக்கறேன்."

* * *

மெத்தைக்காரரின் மனைவி ஆலை வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்கியபோது மணி பன்னிரண்டரை. புதிதாக வந்த காவலாளிக்கு அவளைத் தெரியவில்லை.

"யாரைப் பார்க்கணும்?"

"இந்த ஃபேக்டரி கட்டும்போது சிமெண்டுக்குத் தண்ணி ஊத்தினவ வந்திருக்கேன்னு உள்ள போய்ச் சொல்லு. உங்க முதலாளி வருவான்."

வந்தான். சாப்பாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவன் கார் சாவியும் கையுமாக ஓடி வந்தான்.

"என்னம்மா, சொல்லாம கொள்ளாம? வா, ஆபீஸ்ல உட்காரு. ஏசி போடறேன்."

"தையல் கூடத்துக்குப் போகணும்."

"அம்மா..."

"வழி மறந்து போச்சு. நீ காட்டறியா, நானே தேடிக்கட்டுமா?"

கூடம் புதிதாக இருந்தது. வெள்ளை விளக்குகள், வரிசை வரிசையாக இயந்திரங்கள். பசை வாடை மட்டும் பழசு. ஸ்பாஞ்சுக் கட்டிகளைச் சுவரோரமாகக் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தார்கள். பாதிப் பேர் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள். மீதிப் பேர் தலை நிமிராமல் தைத்தார்கள். ஒரு பெண் மட்டும் இவளைப் பார்த்துச் சிரித்தாள். இவளுக்குத் திருப்பிச் சிரிக்க வரவில்லை.

கடைசியில் அந்தக் கதவு. பெயின்ட் வாசனை மாறாத புதுக் கதவு. கொண்டியில் உள்ளங்கை அகலப் பூட்டு.

"சாவி?"

"சூப்பர்வைசர்கிட்ட இருக்கும்மா."

"சூப்பர்வைசர் எங்க?"

மகன் கூடத்தைச் சுற்றிப் பார்த்தான். பக்கத்து இயந்திரத்தில் இருந்த பெண் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "அக்கா சாப்பிடப் போயிருக்காங்க சார்."

அம்மா பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். மகனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அந்தப் பார்வையைவிட அவள் நாலு அறை விட்டிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ஆள் அனுப்பி வாங்கித் திறக்கச் சொல்றேன். போதுமா? வீட்டுக்குப் போ."

"உங்கப்பா அங்க இதே கதவுக்காக நாடு பூராவும் கேக்கப் பேசப் போறார். நீ இங்க பூட்டி வெச்சிருக்க. சாப்பிடற சோறு எப்படிடா இறங்குது உனக்கு?"

"அவர் பேசப் போறதில்லைம்மா" என்றான் மகன். "பேசினாலும் கேக்க ஆள் இருக்காது. முதலாளிங்க சங்கத்துலேருந்து கொறடாவைப் போய்ப் பார்த்தோம். எல்லாரையும் மதிய ரயிலுக்கே கிளம்பச் சொல்லிட்டார்."

"பார்த்தோம்னா? யாரு பார்த்தது?"

"நான்தான்."

கையை ஓங்கிவிட்டாள். இயந்திரங்கள் இரண்டு நின்றன. அவன் நகரவில்லை, அடி விழட்டும் என்பதுபோல் நின்றான்.

"அடி. ஆனா ஒண்ணு கேட்டுட்டு அடி. அன்னிக்கு அந்தக் கதவு எப்படிம்மா சிக்குச்சு?"

"சூட்டுல."

"உங்கிட்ட யாரு சொன்னது?"

"உங்கப்பா."

மகன் குரலைத் தாழ்த்தினான். "சிக்கலைம்மா. பூட்டியிருந்துச்சு. அப்பவும் துணிதான் திருட்டுப் போச்சு. 'மத்தியானம் வரைக்கும் பூட்டி வைடா, யார் கொண்டு போறாங்கன்னு பார்ப்போம்'னு அப்பா சொன்னார். பூட்டினது நான். சாவி என் சட்டைப் பையில இருந்துச்சு. முன்வாசல்ல நின்னு லாரிக்கு லோடு ஏத்திக்கிட்டு இருந்தேன். பத்தே பத்து கட்டுதான் பாக்கி. ஏத்தி முடிச்சுட்டுத் திறந்துடலாம்னு நெனச்சேன்."

அவள் ஓங்கிய கை எப்போது இறங்கியது என்று அவளுக்கே தெரியாது.

"புகை வந்ததும் பின்பக்கம் ஓடினேன். கிட்டவே போக முடியலை. சாவியைக் கொண்டுபோய் அப்பா கையில கொடுத்தேன். 'வாயைத் திறக்காதே'ன்னார். அவ்வளவுதான். அப்ப எனக்கு இருபத்திநாலு வயசும்மா. அதுக்கப்புறம் அவர் அதைப் பத்தி எங்கிட்ட ஒரு வார்த்தை பேசலை. அவர் பாட்டுக்கு எலெக்ஷன்ல நின்னார். அவர் பாட்டுக்குச் சட்டம் எழுதறார். அந்தச் சட்டம் வந்தா முதல்ல பழைய விசாரணையைத்தான் தோண்டுவாங்க. அவருக்கு மனசு ஆறும். ஜெயிலுக்குப் போறது நான்."

"தெரிஞ்சும் மறுபடியும் பூட்டினியேடா."

கார் சாவியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான். "தெரியலைம்மா" என்றான் கடைசியில். "அது வெறும் கதவுன்னு எனக்கு நானே நிரூபிக்கணும் போல இருந்துச்சோ என்னவோ."

சூப்பர்வைசர் கை கழுவின ஈரத்தோடு ஓடி வந்தாள். பூட்டைத் திறந்து கதவைத் தள்ளினாள். வெயில் உள்ளே விழுந்தது. தைத்துக்கொண்டிருந்தவர்களில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர்களுக்குப் பீஸ் கணக்கில்தான் கூலி.

அம்மா ஒரு ஸ்டூலை இழுத்தாள். வாசல்படியில், கதவை மூட முடியாதபடி போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"ஷிப்ட் முடியற வரைக்கும் இருக்கப் போறேன்."

"சரி, இரு. நாளைக்கு?" என்றான் மகன். "நாளன்னைக்கு?"

* * *

மூன்றரை மணி. பார்வையாளர் மாடத்தின் முதல் வரிசையில் மாஸ்டரும் மகளும்.

முதல் வருடம் இதே அவையில் மெத்தைக்காரர் பேசிய முதல் பேச்சு நாடெங்கும் பிரபலம். "மெத்தை விக்கிறவன் நான். இங்க வந்து பார்த்தா மெத்தையே இல்லாமத் தூங்கறீங்க. என் வியாபாரத்துக்கு இதைவிடக் கெடுதல் உண்டா?" என்றார். எதிர்க்கட்சிக்காரர்கள்கூட மேசையைத் தட்டினார்கள். அன்றைக்கு அவையில் உட்கார இடமில்லை.

இன்றைக்குத் தூங்கவும் ஆளில்லை. மகள் எண்ணிப் பார்த்தாள். முப்பத்தொன்று. அவை நடக்க ஐம்பத்தைந்து பேர் வேண்டும். யாரும் எழுந்து கேட்காத வரைக்கும் நடக்கும். கேட்டுவிட்டால் மணியடிப்பார்கள், ஆள் சேராவிட்டால் கலைத்துவிடுவார்கள்.

"கூட்டம் கம்மியா இருக்கே பாப்பா" என்றார் மாஸ்டர். அவளுக்கு முப்பத்தாறு வயதாகியும் அவருக்கு அவள் பாப்பாதான்.

"வந்துடுவாங்க மாஸ்டர்" என்றாள். வர மாட்டார்கள் என்று தெரிந்தேதான் சொன்னாள்.

அவைத் தலைவர் பெயரைக் கூப்பிட்டார். மெத்தைக்காரர் எழுந்தார். முதல் இரண்டு நிமிடம் காகிதத்தைப் பார்த்துப் படித்தார். பிறகு அதை மடித்து வைத்துவிட்டார்.

"ஒன்பது பேர். அவங்க பேரெல்லாம் எனக்கு மனப்பாடம். அவங்க கையால தைச்ச மெத்தையில இந்த நாட்டுல எத்தனையோ பேர் இன்னிக்கும் படுத்துத் தூங்கறாங்க..."

"அவைத் தலைவர் அவர்களே!"

குரல் அவருக்குப் பின்னாலிருந்து வந்தது. அவருடைய கட்சிக்காரரே. போன தேர்தலில் இவர் வீதி வீதியாகப் போய் ஓட்டுக் கேட்டு ஜெயிக்கவைத்த இளைஞர். "அவையில் போதிய உறுப்பினர்கள் இல்லை என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்." சொல்லிவிட்டு, மெத்தைக்காரர் பக்கம் திரும்பாமல் உட்கார்ந்தார்.

மணி அடித்தது. ஐந்து நிமிடம் விடாமல் அடித்தது. யாரும் உள்ளே வரவில்லை. உள்ளே இருந்தவர்களில் நாலைந்து பேர் வெளியே போனார்கள்.

மெத்தைக்காரர் உட்காரவே இல்லை. ஒவ்வொரு கதவாகப் பார்த்தபடி நின்றார்.

மணி நின்றது. "போதிய உறுப்பினர்கள் இல்லாததால் அவை தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்படுகிறது."

அவ்வளவுதான். எட்டு வருடம் முடிய ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. அவர் மேசையிலிருந்த மைக்கின் சிவப்பு விளக்கு அணைந்தது. குறிப்பெடுப்பவர்கள் நோட்டை மூடிக்கொண்டு எழுந்தார்கள். மாடத்தில் காவலர்கள், "எந்திரிங்க, எந்திரிங்க" என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள்.

அப்போது கீழேயிருந்து அவர் அண்ணாந்து பார்த்தார்.

"மாஸ்டர்!"

இயந்திரச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. மைக் தேவைப்படவில்லை.

"கதவு சிக்கலை மாஸ்டர். பூட்டியிருந்துச்சு. பூட்டச் சொன்னது நான்."

மாஸ்டர் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டார். காவலர் ஒருவர் அவர் தோளைத் தொட்டு, "பெரியவரே, கிளம்புங்க" என்றார். கீழே, கதவருகே நின்றிருந்த கொறடா வேகவேகமாக மெத்தைக்காரரை நோக்கி நடப்பதை மகள் பார்த்தாள். அவர் மறுபடியும் தோளில் கை போட்டார். காதோடு ஏதோ சொன்னார். சிரிக்கவில்லை.

* * *

வெளி நடைபாதையில் பத்து நிமிடம் காத்திருந்தார்கள். இது தெரியாமலே மகள் பதினொரு வருடம் அந்த வீட்டில் சாப்பிட்டிருக்கிறாள், படுத்திருக்கிறாள், அப்பாவின் பேச்சுகளை எழுதிக் கொடுத்திருக்கிறாள். 'சூட்டில் சிக்கிய கதவு' என்று தன் கையாலேயே எத்தனை தடவை எழுதியிருப்பாள்!

மெத்தைக்காரர் வந்தார். கொறடாவும் கூட வந்து, சற்றுத் தள்ளித் தூணருகே நின்று போனைப் பார்ப்பதுபோல் பாவனை செய்தார்.

மாஸ்டர் நேராகப் போய் அவர் முன்னால் நின்றார்.

"முதலாளி, இன்னொரு தடவை சொல்லுங்க."

"என்ன மாஸ்டர்?"

"உள்ள சொன்னீங்களே, அதை."

மெத்தைக்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மனசு சரியில்லை மாஸ்டர். எட்டு வருஷ உழைப்பு ஒரே நிமிஷத்துல போச்சு. அந்த வேகத்துல வாயில வந்ததை ஏதோ உளறிட்டேன்."

"உளறலா?"

"வயசாச்சில்லையா."

"பூட்டியிருந்துச்சுன்னு சொன்னீங்க."

"பூட்டியிருந்த மாதிரி சிக்கியிருந்துச்சுன்னு சொல்ல வந்தேன். நாளைக்கு நம்ம பையன் காதுக்குப் போனா அவன் என்ன நினைப்பான்? விடுங்க மாஸ்டர். ரயிலுக்கு நேரமாச்சு, கார்ல கொண்டு விடச் சொல்றேன்."

பையன் என்ற சொல் எதற்கு வந்தது என்று மகளுக்குப் புரியவில்லை. நமக்குப் புரிகிறது. கொறடாவுக்கும் புரிந்திருக்க வேண்டும். தூணருகே அவர் தலை லேசாக ஆடியது.

மாஸ்டர் அவரை விட்டுவிட்டு மகள் பக்கம் திரும்பினார்.

"பாப்பா, என் பக்கத்துலதானே உட்கார்ந்திருந்த? என் காதுக்குக் கேட்டது நிஜமா, இல்லை எனக்குத்தான் புத்தி பேதலிச்சுப் போச்சா? நீ வக்கீலுக்குப் படிச்ச பொண்ணு. நீ சொன்னா நான் நம்பிக்கறேன். கேக்கலைன்னு சொல்லு, ஊருக்குப் போயிடறேன். திங்கட்கிழமை வழக்கம்போல வேலைக்கு வந்துடறேன்."

மெத்தைக்காரர் மகளைப் பார்த்தார். அதட்டவில்லை, கண் காட்டவில்லை. வெறுமனே பார்த்தார். அப்பாவின் முகத்தில் இப்படியொரு பயத்தை அவள் கண்டதே இல்லை.

"கேட்டேன் மாஸ்டர்" என்றாள்.

மாஸ்டர் தலையசைத்தார். அழுவார் என்று நினைத்தாள், அழவில்லை. சத்தம் போடுவார் என்று நினைத்தாள், போடவில்லை. பக்கத்திலிருந்த பெஞ்சில் மெதுவாக உட்கார்ந்தார்.

"இவருக்கு ஓட்டுப் போட்டேன் பாப்பா. ரெண்டு தடவை. ரெண்டு தடவையும் விடியறதுக்கு முன்னாடியே போய் வரிசையில முதல் ஆளா நின்னு போட்டேன்."

மெத்தைக்காரரின் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். மனைவி. அவர் அவைக்கு வந்த பத்து வருடத்தில், அவை நடக்கும் நாளில் ஒருமுறைகூட அவள் கூப்பிட்டதில்லை. எடுக்கத் தைரியம் வரவில்லை. மகளிடம் நீட்டினார்.

"அம்மாகிட்ட நீ பேசு. மசோதா போச்சுன்னு சொல்லிடு."

மகள் வாங்கிக் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் தையல் இயந்திரங்கள் ஓடுகிற சத்தம் கேட்டது.

"அம்மா, மசோதா..."

"அது போனது எனக்குத் தெரியும்" என்றாள் அம்மா. குரல் தெளிவாக இருந்தது. அழுது முடித்த குரல். "உங்கப்பா பக்கத்துல இருக்காரா?"

"இருக்கார்."

"அவர்கிட்ட நான் ஒண்ணே ஒண்ணு கேக்கணும். ஆமான்னோ இல்லைன்னோ சொன்னாப் போதும். போனைக் கொடு."

மகள் போனை நீட்டினாள்.

பெஞ்சிலிருந்து மாஸ்டர் பார்த்துக்கொண்டிருந்தார். தூணருகே கொறடா பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வருடம் கூட வாழ்ந்தவள் அந்தப் பக்கம் காத்துக்கொண்டிருந்தாள்.

மெத்தைக்காரர் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார்.